பொழுது சாயும் நேரம் எழுதிய அட்டை

வேனை விற்பதற்கு முன் உள்ளே கிடந்த சாமான்களை எல்லாம் எடுத்தபோது, டிரைவர் சீட்டுக்கு மேலே வெயில் மறைப்பின் பின்னால் செருகியிருந்த அட்டையைச் சின்னவள்தான் உருவினாள். ஒரு சாண் நீளம், உள்ளங்கை அகலம். தட்டச்சில் அடித்த நாற்பத்தெட்டு வரிகள். மாதத்துக்கு நான்கு வரி, ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு நேரம். மேலே ஒட்டிய டேப் பழுத்துத் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. "ஏனுங்கப்பா, இது என்ன டைம் டேபிளு?" என்று கேட்டாள். "ஹெட்லைட் போடற நேரம், கண்ணு" என்றேன். பெரியவன் ஆறாவது படிக்கும்போது இதையே கேட்டான். அவனுக்கும் இதே பதில்தான் சொன்னேன். ஹெட்லைட் போட யாராவது அட்டை பார்ப்பார்களா என்று நீங்கள் இருவருமே யோசிக்காமல் விட்டது என் நல்ல காலம். நான் சொன்னது பொய். உண்மையை இப்போது எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

அட்டையை அடித்தவர் ஒரு டாக்டர். போத்தனூருக்கு வந்து ஸ்கூல் வேன் ஓட்டுவதற்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், காங்கேயம் ரோட்டில் கிளைச்சாலை பிரியும் இடத்தில் இருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் ஜீப் ஓட்டினேன். அட்வென்டிஸ்ட் சபைக்காரர்கள் நடத்தியது. நம் பக்கத்தில் சனிக்கிழமைச் சபை என்பார்கள். மற்ற சபைகளுக்கு ஞாயிறு போல இவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். அந்த நாள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தொடங்கி, சனிக்கிழமை பொழுது சாயும்போது முடியும். அதற்குள் கடை கண்ணி போக மாட்டார்கள், துணி துவைக்க மாட்டார்கள், சமையலைக்கூட முன்னாலேயே முடித்துவிடுவார்கள். ஆகவே பொழுது எத்தனை மணிக்குச் சாயும் என்பது அவர்களுக்கு முக்கியம். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே இறங்கிவிடும். ஆனியில் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும் வரை நிற்கும். கிராமங்களுக்குப் போய்விட்டு நேரத்தோடு திரும்ப வேண்டும் என்று டாக்டர் அந்தக் கணக்கை அடித்து ஜீப் கண்ணாடிக்கு மேலே ஒட்டினார். அதில் தேதி மட்டும்தான் உண்டு, கிழமை கிடையாது. எந்த வருடத்துக்கும் பொருந்தும்.

மிஷன் டாக்டர் என்றால் வெள்ளைக்காரர் என்று ஊரில் ஒரு நினைப்பு இருந்தது. இவர் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து வந்தவர். குட்டையான ஆள், நம் நிறம், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். முதல் தடவை வருகிறவர்கள் அவரிடமே, "ஏனுங் தம்பி, பெரிய டாக்டரு எப்ப வருவாருங்க?" என்று கேட்பார்கள். "இப்ப வந்துருவாருங்க" என்று சொல்லி உள்ளே போய், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வருவார். நோயாளிகளிடமே தமிழ் கற்றவர் என்பதால் அவர் வாயில் 'ங்க' போடாத வார்த்தை வராது. ஜீப்புக்குக் குறுக்கே மாடு நின்றால் இறங்கிப் போய், "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பார். கவுச்சி கிடையாது, காபி டீயும் தொடமாட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் சுடுதண்ணீர்தான் கேட்பார். ஒரு அம்மா, "எங்கூட்டுக் காப்பி அத்தன மோசமுங்களா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் சுடுதண்ணீரை டம்ளர் டபராவில் வாங்கி, காபியைப் போலவே ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

காங்கேயம் பக்கம் போகும்போது கொப்பரை காயப்போட்ட களங்கள் வரும். அங்கே ஜீப்பை நிறுத்தச் சொல்வார். இறங்க மாட்டார். மூச்சை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். "எங்கப்பா ஒடம்புல இந்த வாசந்தானுங்க" என்று ஒரு தடவை சொன்னார். அவர் அப்பா யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பில் கூலிக்குக் கொப்பரை போட்டவர். மகள் படிப்புக்காக டாக்டரின் மனைவி அந்தத் தீவிலேயே இருந்தார். டாக்டருடைய அம்மா இறந்த செய்தி கடிதமாக வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. பிரித்துப் படித்தார், மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். சாயங்காலம் களத்துப் பக்கம் ஜீப்பை விடச் சொன்னார். அன்றைக்கு மட்டும் இறங்கினார். கடல் தாண்டி வந்து வேலை செய்கிறவர்களின் வாழ்க்கை இப்படித்தான் இருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அவருடைய ஓய்வுநாளை விரதம் என்றுதான் என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. நமக்குத் தெரிந்தது அதுதானே. ஆபத்தாக வந்தால் எந்த நேரமும் எழுப்பலாம் என்று அவர் சொல்லியிருந்தார். எது ஆபத்து என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாட்ச்மேனும் சபைக்காரர் என்பதால் வெள்ளி சாயங்காலம் முதல் சனி சாயங்காலம் வரை கேட் என் பொறுப்பு.

அது ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்தது, ஊரெல்லாம் காய்ச்சல். டாக்டர் அந்த வாரம் சரியாகத் தூங்கவே இல்லை. வெள்ளிக்கிழமை அட்டையில் ஐந்து ஐம்பத்தாறு. ஐம்பதுக்கே ஜீப்பை உள்ளே விட்டுவிட்டேன். இறங்கும்போது அவருக்குக் கால் தடுமாறியது. அவர் உள்ளே போனதும் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் சென்னிமலையில் பெட்ஷீட் நெய்கிறவர், ஓட்டி வந்தவர் அவர் மச்சான். நெசவுக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. சஷ்டிக்கு வெறுங்காலோடு மலை ஏறியதில் விரலிடுக்கில் கல் குத்தி, சீழ் வைத்துவிட்டதாம். சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"டாக்டரு இருக்காருங்களா?"

"இருக்காருங்க. ஆனா இப்பத்தான் விரதம் ஆரம்பிச்சாரு. நாளைக்குப் பொழுது சாயறவரைக்கும் விரதமுங்க."

மச்சான் இறங்கி வந்தார். "ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன். சும்மா பாத்துப்போட்டு ஒரு மாத்திரை குடுத்தாப் போதும்."

நெசவுக்காரர் அவரைத் தடுத்தார். "உடு மச்சான். நானே சஷ்டி விரதத்துல இருக்கறன். இன்னொருத்தரு விரதத்தக் கெடுத்துப்போட்டு எங்காலு ஆறுமா?" பிறகு என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம வாரனுங்க. நாங்க வந்தத அவருகிட்டச் சொல்ல வேண்டாமுங்க, சங்கடப்படுவாரு" என்றார்.

"வெள்ளென வந்துருங்க. மொத டோக்கன் உங்களுக்குத்தான்" என்றேன். அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவ்வளவு மரியாதையாக நடந்தது அந்தக் காரியம்.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் வேப்பமரத்தடியில் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. "இன்னைக்கு யாருமே வரலீங்களே! நல்லாத் தூங்குனனுங்க. கடவுளுக்கு நன்றி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தத் தூக்கம் நான் கொடுத்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தது மொபெட்டில் அல்ல, வாடகை வேனில். இறக்கும்போதே வாடை வந்தது. பாதம் கணுக்கால் வரை கறுத்திருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. துணியைப் பிரித்த டாக்டர், "எப்பருந்துங்க இப்படி?" என்று கேட்டார். நெசவுக்காரர் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. "வெள்ளிக்கெழமையே வந்தோமுங்க. நீங்க விரதமுங்க. அதான் தொந்தரவு பண்ணல" என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிர் தங்காது என்று அவர் சொன்னார். "ஒத்தக் கால்ல தறி மிதிக்க முடியுமுங்களா?" என்று நெசவுக்காரர் கேட்டார். டாக்டருக்குத் தறி தெரியாது. அப்போதுதான் என்னைப் பார்த்தார். குழித்தறியில் கீழே மிதிகள் இருக்கும், இரண்டு காலும் மாறி மாறி மிதித்தால்தான் துணி வரும். "முடியாதுங்க" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் கையைப் பிடித்து ஜெபம் செய்வது டாக்டரின் வழக்கம். "முருகனக் கும்புட்டுக்கட்டுங்களா?" என்று நெசவுக்காரர் கேட்டார். "கும்புட்டுக்குங்க, நான் நிக்கறனுங்க" என்று டாக்டர் கையை விடாமல் காத்திருந்தார்.

மத்தியானம் பின்பக்கக் குழாயில் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்று, "நாந்தானுங்க திருப்பி அனுப்பிச்சுப்போட்டேன்" என்றேன்.

"தெரியுமுங்க."

"உங்க விரதம் கெடக்கூடாதுன்னுதானுங்க..."

"அது விரதமில்லீங்க, ஓய்வு. எனக்குத்தான் ஓய்வு. அவரு காலுக்கு இல்லீங்க."

வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். தப்பியிருக்காது என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அவர் சோப்பைக் கீழே வைத்தார். "தெரியாதுங்க. ரெண்டு வெரலோட போயிருக்கலாம். காலே போயிருக்கலாம். பொய் சொல்ல மாட்டனுங்க." பிறகு, "நேத்து யாரும் வரலைன்னு சந்தோசப்பட்டன் பாத்தீங்களா? ஏன் வரலைன்னு வாசல் வரைக்கும் வந்து பாக்கல. அவரு மரியாத, உங்க மரியாத, என் தூக்கம். மூணு நல்லவங்க சேந்து ஒரு கால எடுத்துட்டோமுங்க" என்றார். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றேன். "நீங்க போயிட்டா அடுத்த டிரைவரு இதே தப்பப் பண்ணுவாருங்க. உங்களுக்குத்தான் இப்பத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஸ்பேனரோடு என்னிடம் வந்தார். "கேட்டக் கழட்டிருங்க. அம்பத்தஞ்சுக்குள்ள முடிக்கணும். அப்பறம் வேலை செய்யக் கூடாதுங்க." இரும்புக் கேட், கீல் துருப்பிடித்திருந்தது. இருவருமாகத் தட்டி, நெம்பி, எண்ணெய் விட்டு, ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது அதைத் தூக்கிச் சுவரில் சாத்தினோம். பிறகு அவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கேட் இருந்த இடத்தில் போட்டு, வேதப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். முதலில் உள்ளே வந்தது ஒரு காங்கேயம் மாடு. "இன்னைக்கு உங்களுக்கு வைத்தியமில்லீங்க" என்று எழுந்து நின்று சொன்னார். அவர் இருந்தவரை எல்லா வெள்ளியும் சனியும் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது. ஓய்வும் அங்கேதான் எடுத்தார். கேட்டைத் திரும்ப மாட்டவே இல்லை.

நெசவுக்காரர் பிழைத்தார். மனைவி தறியில் உட்கார்ந்தார், இவர் நூல் சுற்றிக் கொடுத்தார். காலுக்குக் கட்டு மாற்ற வரும்போதெல்லாம், கட்டையை ஊன்றிக்கொண்டு தூரத்திலிருந்தே என்னைக் கூப்பிடுவார்: "ஏனுங் டிரைவரே, இன்னைக்கு யாரு விரதமுங்க? உள்ள வரலாமுங்களா?" பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அது வேடிக்கையா குத்தலா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும், "வாங்க, வாங்க" என்று கைத்தாங்கலாகக் கூட்டிப் போவேன்.

மூன்று வருடம் கழித்து டாக்டருக்கு விசா நீட்டிப்புக் கிடைக்கவில்லை. சபை அவரை ஆப்பிரிக்காவில் ஒரு ஊருக்கு அனுப்பியது. போகும் நாளில் அந்த அட்டையைக் கேட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க?" என்றார். நான் ஜீப் கதவைத் திறந்துவிட்டேன். அவரே நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி. 'இங்க தேங்கா இல்லீங்க. மாடு நெறைய. தமிழ்ல சொன்னாலும் தள்ளிக்குதுங்க.' பிறகு அவர் இறந்துவிட்டதாக, பழைய நர்ஸம்மா ஒருவர் கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். எந்த ஊரில், எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. அட்டையில் ஆறு இருபத்தொன்பது. அது காங்கேயத்துக் கணக்கு, போத்தனூரில் இரண்டு நிமிடம் பிந்தித்தான் சாயும். உள்ளே உங்கள் அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். வேன் போய்விட்டதால் அட்டையை என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் இந்த நேரத்துக்கு நான் எழுந்து போய் நம் கேட்டை அகலத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பதை, நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். மகாலட்சுமி வருகிற நேரம், அதற்குத்தான் அப்பா திறந்து வைக்கிறார் என்று அம்மா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நானும் மறுத்ததில்லை. மகாலட்சுமி வந்தால் வரட்டும், சந்தோஷம்தான். நான் ரோட்டைப் பார்த்து நிற்பது ஒரு மொபெட்டுக்காக.