அடுப்படியில் போட்ட வளையல்

பண்டமாரானில் லோரிகளை வரிசைப்படுத்தி அனுப்புவது மலர்விழியின் வேலை. துறைமுகத்துக்கு எந்த லோரி முன்னே போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று நாள் முழுக்க வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பாள். மீசை நரைத்த ஓட்டுநர்கள்கூட அவள் குரலுக்கு அடங்கி ஓரம்கட்டுவார்கள். அப்படிப்பட்டவள் புகுந்த வீட்டில் இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இருந்தாள்.

முதல் பிள்ளை ஏழாம் மாதமே பிறந்து, சில நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டுப் போய்விட்டான். அவன் ஏன் போனான் என்பதற்கு மாமியாரிடம் காரணங்கள் தயாராக இருந்தன. மருமகள் மோட்டார் சைக்கிளில் போனாள். லோரிக்காரர்களோடு கத்தினாள். எல்லாவற்றுக்கும் மேலே, அன்னாசி தின்றாள். தின்றது ஒரே ஒரு துண்டு, அதுவும் மாமியாரே பாசாரில் வாங்கி வந்தது. அதை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். கணவன் கமலநாதன் நல்லவன்தான். ஆனால் அம்மா எதிரே நின்றால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் அந்தத் துண்டு அன்னாசிதான் மகனைக் கொன்றது என்று மலர்விழியே நம்பத் தொடங்கிவிட்டாள்.

மறுபடியும் வயிற்றில் தங்கியது. கிள்ளானில் டாக்டர் இஷ்ரத்திடம் போனபோது மலர்விழியைப் பெற்ற அம்மா தங்கமணியும் கூட வந்தாள். டாக்டர் கேட்டார்: "ஒங்க அம்மா, பெரியம்மா, சித்தி, யாருக்காச்சும் சீக்கிரமே பிரசவம் ஆயிருக்கா? நீங்க மாசம் நெறஞ்சுதான் பொறந்தீங்களா?"

"அது எதுக்கு டாக்டர்?" என்றாள் மலர்விழி.

"மொத பிரசவம் சீக்கிரம் ஆனா அடுத்ததும் ஆகுறதுக்கு வாய்ப்பு இருக்கு. அதோட இது குடும்பத்துலயும் வரும். புள்ள எவ்ளோ நாள் வயித்துல இருக்குங்கிறதுல மரபணுவுக்கும் பங்கு உண்டு, அதுல தாய்வழிதான் அதிகம். ஒரே ஒரு மரபணு இல்ல, நெறைய சேர்ந்து செய்யிற வேலை. இதச் சொல்ற பிளட் டெஸ்ட் இன்னும் வரல. அதான் வாயால கேக்குறேன்."

மலர்விழி யோசிப்பதற்குள் தங்கமணி முந்திக்கொண்டாள். "எங்க வீட்ல அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர். எல்லாம் பத்து மாசம்."

டாக்டர் தலையாட்டினார். அப்படியானால் போன தடவை கிருமித் தொற்றாக இருக்கலாம், வழக்கமான ஸ்கேன் போதும் என்றார்.

ஏழாம் மாதம் என்ற பேச்சே இரண்டு வீட்டுக்கும் ஆகவில்லை. அதனால் ஐந்திலேயே சாலாக் செலாத்தானில் அம்மா வீட்டில் வளைகாப்பு வைத்தார்கள். மலர்விழி மனையில் உட்கார்ந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. மாமியார் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்தாயிற்று. அவள் பக்கத்து ஆள்களைக் காணோம். ஜெஞ்சாரோமிலிருந்து விடியலிலேயே வந்த பெரியம்மா எங்கே? சித்தி எங்கே?

"அவங்க அடுப்படில இருக்காங்க" என்றாள் மாமியார். "புள்ளையப் பறிகொடுத்தவங்க வளையல் போடக் கூடாதுலா. ஒனக்குத் தெரியாதா?"

மலர்விழிக்கு அந்த வழக்கம் தெரியும். அடுப்படியில் இத்தனை பேர் இருப்பதுதான் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனையை விட்டு எழுந்தாள். பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்று யாரோ பதறினார்கள்.

"நானும் பறிகொடுத்தவதான் அத்தை. நான் மட்டும் மனையில ஒக்காரலாமா?"

அடுப்படியில் பெரியம்மா புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தாள். மலர்விழி இரண்டு கையையும் நீட்டினாள். "போடுங்க பெரியம்மா. போட்டுட்டு உண்மையச் சொல்லுங்க. ஒங்க புள்ளைங்க எப்பப் பொறந்துச்சு?"

பெரியம்மா கரண்டியை வைத்துவிட்டு அவளுக்கு வளையல் போட்டாள். மகள் பின்னாலேயே வந்து நின்ற தங்கச்சி தங்கமணியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "ரெண்டும் ஏழு மாசத்துல வந்துச்சு, ரெண்டும் தங்கல. சித்திக்கும் அப்படித்தான் ஒண்ணு போச்சு. நீயே எட்டு மாசத்துப் புள்ளதான். துணியில சுத்தி வச்சுக் காப்பாத்துனோம்."

தங்கமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட அதையா சொல்ல முடியும்? அப்பலேர்ந்து யார்கிட்டயும் சொல்லாமலே இருந்துட்டேன்."

மலர்விழிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வருடம் ஒரு துண்டு அன்னாசியை நெஞ்சில் சுமந்திருக்கிறாள், பெற்றவளோ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது. "அப்ப கொறை ஒங்க குடும்பத்துலதான் இருக்கு."

"கொறைன்னு சொல்லாதீங்க அத்தை. ஒங்க மவனுக்கு இந்த வயசுலயே சொட்டை. 'எங்க அப்பா தலை'ன்னு நீங்கதான் சொல்வீங்க. அதுக்கு நீ என்னத்தத் தின்னேன்னு அவரை யாராச்சும் கேட்டாங்களா?"

கூடத்தில் கமலநாதனின் கை தானாகத் தலைக்குப் போனது. சித்திதான் முதலில் சிரித்தாள்.

மறுநாளே மலர்விழி டாக்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் ஸ்கேன்களை நெருக்கி வைத்தார். ஒரு ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் குறைய ஆரம்பித்திருந்தது தெரிந்தது. அதற்கு மருந்து கொடுத்தார். "மரபணு இருந்தா ஆபத்து கூடும், அவ்ளோதான். இப்படித்தான் ஆகும்னு அர்த்தம் இல்ல" என்றார். மலர்விழி பயந்தாள், நிறையவே பயந்தாள். பயந்துகொண்டே ஏழாம் மாதத்தைத் தாண்டினாள், எட்டையும் தாண்டினாள். ஒன்பதாம் மாதம் பாதியில் மகள் பிறந்தாள். நாளுக்கு முன்னால்தான், ஆனால் கண்ணாடிப் பெட்டி தேவைப்படவில்லை.

முப்பதாம் நாள் சடங்குக்கு வீடு நிறைய ஆள்கள். பக்கத்து வீட்டு ஆன்டி குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "மாசம் நெறஞ்சு பொறந்ததா?" என்று கேட்டார். மாமியார் அவசரமாகத் தலையாட்டினாள்.

"இல்ல ஆன்டி, முன்னாடியே வந்துட்டா" என்றாள் மலர்விழி. "நானும் அப்படி வந்தவதான். எங்க அம்மா வழியில அப்படி."

மாமியார் அவள் காதருகே குனிந்தாள். "மெதுவாப் பேசு. நாளைக்கு இவளப் பொண்ணு கேட்டு நாலு பேர் வர வேணாமா?"

"வரட்டும் அத்தை. வர்றவங்ககிட்ட நானே சொல்றேன். அதுக்கு முன்னாடி இவகிட்டச் சொல்லிடுவேன். என்னை மாதிரி இவ டாக்டர் முன்னாடி முழிக்க மாட்டா."

குழந்தைக்குக் கறுப்பு வளையல் போட வேண்டிய நேரம் வந்தது. யார் கையால் போடுவது என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மலர்விழி யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, லோரிகளை நிறுத்துகிற அதே குரலில், "பெரியம்மா, வாங்க" என்று கூப்பிட்டாள்.