ஜெனிற்றாவின் E

தகரப் பேணியைத் திறந்தால் முதலில் பால்மா மணம். அதற்கடியில் பெயின்ற் மணம். குலுக்கினால் சரசரவென்று ஒரு சத்தம்... காய்ந்த செதில்கள் உரசுவது மாதிரி.

உள்ளே ஆங்கில எழுத்துகள். எக்ஸ்ரே படத்தில் வெட்டியவை.

ஜெனிற்றாவின் அண்ணை குருநகர்க் கரையில் படகுகளுக்குப் பெயர் எழுதுவார். பழைய எக்ஸ்ரே படத்தில் எழுத்தை வெட்டி எடுத்து, அந்த ஓட்டையைப் படகில் வைத்து, மேலே பெயின்ற் அடிப்பார். ஓட்டை அவருக்கு. விழுந்த எழுத்து தங்கச்சிக்கு.

பத்தாம் வகுப்பு. நான் பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் வந்து இறங்குவதற்குள் அவள் மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பாள்.

விளையாட்டு எளிது. எழுத்துகள் அவையேதான், இடம் மாறினால் வேறு சொல். eat, tea, ate. நான் stream என்று அடுக்கினால், அவள் விரலால் அங்குமிங்கும் தள்ளி master ஆக்குவாள். சில சொற்களுக்கு அவளுக்கே அர்த்தம் தெரியாது.

"உன்ரை அகராதியிலை பாரடி, கட்டாயம் இருக்கும்."

இருக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு அகராதிகள் இருந்தன. அவள் வீட்டில் ஒன்றும் இல்லை. அதை நான் அப்போது யோசித்ததில்லை.

பேணியில் ஒரு குறை. அண்ணை எழுதிய படகுகளில் பாதி MARIA, மீதி ST. ANTONY. இரண்டிலும் E இல்லை. ஏதோ ஒரு படகின் பதிவு இலக்கத்திலிருந்து ஒரு F கிடைத்திருந்தது. அதன் காலடியில் ஒரு நெருப்புக்குச்சியை வைத்து E என்று சொல்லிக்கொள்வோம். யாராவது தும்மினால் அது மறுபடி F.

அந்த வருடம் ஆங்கில தினப் போட்டி. ஒரு சொல்லின் எழுத்துகளிலிருந்து எத்தனை சொற்கள் எடுக்கலாம் என்பதுதான் போட்டி. வகுப்பிலிருந்து ஒருவர்தான் போகலாம். முந்திய இரண்டு வருடமும் நான்தான் போனேன்.

தெரிவுக்கு முதல் நாள் அவள் பேணிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். புத்தம் புது E.

"எங்காலையடி உது?"

"என்ரை பேரிலையிருந்து. நான் தெரிவானா, பெருநாளுக்கு எங்கடை படகிலை என்ரை பேர் எழுதுறனெண்டு அண்ணை சொன்னவர். இப்பவே வெட்டியும் போட்டார்."

"விசரே? அந்தோனியாரை இறக்கிப்போட்டு உன்னை ஏத்துறதோ?"

"அவர் கோவிக்கமாட்டார். கரையிலை அவருக்கு வேறை எத்தினை போட் கிடக்கு!"

பங்குக் கோயில் பெருநாளுக்கு முன் படகுகளுக்குப் புதுப் பெயின்ற் அடிப்பார்கள். சுவாமியார் வந்து ஆசீர்வதிப்பார். அப்போது எழுதிய பெயர் அடுத்த பெருநாள்வரை கடலில் போய்வரும்.

மறுநாள் அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். பேணி திறந்து கிடந்தது.

யோசிக்காமல் எடுத்தேன் என்று எழுத ஆசை. யோசித்துத்தான் எடுத்தேன்.

ரீச்சர் பலகையில் SEMINAR என்று எழுதினார். பத்து நிமிடம். ஜெனிற்றாவுக்கு மட்டும் எழுத்துகளை மேசையில் பரப்ப அனுமதி உண்டு. அவளுக்குக் கையால்தான் யோசிக்க வரும்.

"எடியே, என்ரை E-யைக் கண்டனியே?"

"இல்லை."

பேணியைக் கவிழ்த்தாள். மேசைக்கடியில் குனிந்து தேடினாள்.

"பிள்ளை, நேரம் போகுது" என்றார் ரீச்சர்.

F-ஐ எடுத்தாள். நெருப்புக்குச்சி இல்லை. தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி அதன் காலடியில் வைத்தாள். முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்காமலே எழுதத் தொடங்கினாள்.

எனக்கு இருபத்தேழு சொற்கள். அவளுக்கு இருபத்தைந்து. ஏழு எழுத்தும் வருகிற சொல்லாக நான் marines எழுதியிருந்தேன். அவள் remains.

பெருநாளுக்கு என்னையும் கூப்பிட்டாள். போனேன். அவர்களுடைய படகில் ST. ANTONY என்றுதான் எழுதியிருந்தது. அண்ணை என்னைக் கண்டதும், "கெட்டிக்காரி வாறா!" என்று ஒரு சோடாவை உடைத்துத் தந்தார்.

குடித்தேன்.

அந்த E அகராதிக்குள் இருந்தது. பிறகு பல்கலைக்கழக விடுதி அலுமாரியில். பிறகு கைப்பையில். எறியவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

ஜெனிற்றா இப்போது இத்தாலியில். இருவரும் போனில் இதே விளையாட்டைத்தான் விளையாடுகிறோம். எழுத்துகள் வட்டமாக வந்து நிற்கும். E-க்குத் தட்டுப்பாடே இல்லை. ஆனால் மணம் இல்லை. சரசரப்பு இல்லை. யார் தும்மினாலும் ஒன்றும் ஆகாது.

இந்த வருடம் பெருநாளுக்கு வந்திருந்தாள். கரையில் நின்றோம். படகுப் பெயர்கள் எல்லாம் இப்போது ஸ்ரிக்கரில். அவளுடைய அப்பா இறந்து நான்கு வருடம்.

நிறையச் சொல்ல நினைத்துப் போயிருந்தேன். கைப்பையிலிருந்து E-யை எடுத்து நீட்டினேன். வந்தது இவ்வளவுதான்.

"உதை அண்டைக்கு நான்தான் எடுத்தனான்."

வாங்கினாள். என்னைப் பார்த்தாள்.

"கள்ளி."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "கொஞ்சம் பொறடி" என்று எழுத்தை வெயிலுக்கு நேரே பிடித்தாள். E-யின் முதுகில் மங்கலாக, வெள்ளையாக, இரண்டு வளைவுகள்.

"இது அப்பாவின்ரை நெஞ்சு."

எனக்கு விளங்கவில்லை.

"அப்ப அவருக்கு இருமலெண்டு எடுத்த படமடி. அண்ணையட்டை அதுதான் கிடந்தது, அதிலைதான் என்ரை பேரை வெட்டினவர். வீடு மாறேக்கை பேணியும் துலைஞ்சு போட்டுது. ஒண்டும் மிஞ்சேல்லை."

அவள் கையை இறக்கக் கனநேரம் ஆனது. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போன் கவரைக் கழற்றி, பின்பக்கம் அதை வைத்து, மூடினாள்.

இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா இருபத்தைஞ்செண்டு போடாதை, முப்பதெண்டு போடு."

போடவில்லை. ஒருமுறை மாற்றியது போதும்.

நேற்றும் விளையாடினோம். அவள் வேகம் குறைந்துவிட்டது. போனின் பின்பக்கத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தட்டுகிறாளாம்.

நான் அவசரப்படுத்தவில்லை.