வெறும் தண்ணீரும் எங்கள் வம்சம்

நான் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆய்வகத்தின் உள்ளறைக்குப் போக எப்படி உடுத்த வேண்டும் என்று சுவரில் நீளமாக எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எனக்கு ஓய்வு வயதே வந்துவிடும். பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த ஒரு குட்டையான பெண், "அக்கா, எனக்கு ஞாபக மறதி. வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போட்டுக்கிறேன், ஏதாவது விட்டுட்டா சொல்லுங்க" என்றாள். தலைமூடி, முகமூடி, கையுறை, முழு அங்கி, அதற்கு மேல் இன்னொரு கையுறை. அவள் சொல்லச் சொல்ல நானும் மாட்டிக்கொண்டேன். பாவம், இந்த வயதிலேயே மறதி என்று அவளுக்காக வேண்டிக்கொள்ளவும் செய்தேன். அவளுக்கு மறதியே கிடையாது என்பது எனக்கு உறைக்கப் பல நாள் ஆயிற்று. என் மூளையின் வேகம் அப்படி.

எல்லாரும் அவளைப் பொடி என்றுதான் கூப்பிட்டார்கள். "ஆளும் பொடி, வேலையும் பொடி, பேசுறதும் பொடி வச்சுத்தான்" என்பாள். மண்ணிலிருந்து எடுத்த பழைய எலும்பைத் துளைத்துத் தூளாக்குவது அவள் வேலை. காதுக்கு உள்பக்கம் கெட்டியான எலும்பு ஒன்று இருக்கிறதாம். உடம்பெல்லாம் மக்கிப் போனாலும் அது மட்டும் வம்ச அடையாளத்தைக் கொஞ்சம் காப்பாற்றி வைத்திருக்குமாம். அதற்குப் பெயர் டி.என்.ஏ. நான் அதை ஏதோ அரசாங்க இலாகா என்று நினைத்திருந்தேன்.

அப்போது அவளிடம் இருந்தது எட்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு பெண்ணின் எலும்பு. மாவரைக்கும் கல்லோடு புதைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் முதன்முதலில் பயிர் வைத்தவர்களில் ஒருத்தி. இங்கே வேட்டையாடித் திரிந்தவர்களே விதைக்கக் கற்றுக்கொண்டார்களா, இல்லை வேறெங்கிருந்தோ விதையை மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களா? அதை அந்த எலும்புதான் சொல்ல வேண்டும். பொடி அதைப் பேசவைத்தால் அவள் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியது அவள்தான் என்று ஆய்வகத் தலைவர் சொல்லியிருந்தார்.

முதல் முடிவு வந்த காலையில் பொடி ஓடி வந்து, துடைப்பத்தோடு சேர்த்து என்னை ஒரு சுற்றுச் சுற்றினாள். அங்கே வேலை செய்கிற எல்லாருடைய கன்னத்து உள்பக்கத்தையும் பஞ்சால் ஒற்றி எடுத்து, அவரவர் அடையாளத்தைப் பதிந்து வைத்திருந்தார்கள். அதோடு அவள் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, அந்தம்மாவோட தாய்வழியும் என் தாய்வழியும் ஒண்ணு! அச்சு அசலா!"

கடவுள் யாரை யாரிடம் கொண்டுவந்து சேர்க்கிறார் பாருங்கள் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"நான் அப்பவே சொல்லலை, நாம பழைய குடும்பம்டின்னு? முதல்ல உன் சித்திக்குச் சொல்றேன். ரொம்பத்தான் அலட்டிக்கிறா."

மத்தியானத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் நெட்டை வந்தான். கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறவன், பெயருக்கேற்ற உயரம். முகத்தில் ஈயாடவில்லை.

"பொடி, எலும்பே போடாம, சரிபார்க்கறதுக்குன்னு ஒரு டியூப்ல வெறும் தண்ணியை ஓட்டுவோமே?"

"ஆமா. அதுல ஒண்ணும் வராது."

"வந்திருக்கு. அதே தாய்வழி."

பொடி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "வெறும் தண்ணியும் எங்க வம்சம்தானா?" என்று சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

டியூபில் வந்திருந்தது முன்னோர் யாருமில்லை, பொடியேதான். நெட்டை அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேறு கவலை. முகமூடிக்குள் பிரார்த்தனையை முணுமுணுத்தபடிதான் நான் துடைப்பேன். என் பக்தியும் தெறித்திருக்குமோ? நானாக இருக்கக் கூடாது கடவுளே என்று அதையும் முணுமுணுத்தே வேண்டினேன். நல்லவேளை, என் சுவடு எதிலும் இல்லை. யோசித்து யோசித்துப் பொடிக்குத்தான் நினைவு வந்தது: திரவம் கலக்கும்போது மூக்கு அரித்திருக்கிறது. முகமூடியைத் தொட்ட கையுறையை மாற்றாமல் விட்டிருக்கிறாள்.

"மூக்கு அரிச்சதுக்கு எட்டாயிரம் வருஷப் பரம்பரை. யாருக்குக்கா கிடைக்கும்?"

அம்மாவுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. "இப்ப உன் சித்தி மூஞ்சில நான் எப்படிடி முழிப்பேன்?" என்றாள் அம்மா.

எலும்பு இன்னும் ஒரு தடவைக்கு மட்டுமே மிச்சம் இருந்தது. "நீயே பண்ணும்மா. ஆனா இதுவும் போச்சுன்னா..." என்று தலைவர் இழுத்தார்.

"நான் தொடலை சார். மறுபடி என் சாயல் துளி வந்தாலும், அது அந்தம்மாவோடதா என்னோடதான்னு யாரும் நம்ப மாட்டாங்க. நெட்டை துளைக்கட்டும்."

"அப்போ பேர் அவனுக்குத்தான் போகும். உன் வேலைக்கு நான் பேச முடியாது."

"தெரியும் சார். அந்தம்மா இத்தனை காலம் காத்திருந்தது என் பேரைச் சொல்லவா?"

அறையைத் திரும்பத் திரும்ப பிளீச் போட்டுத் துடைத்தேன், உதடு அசையாமல். மனசுக்குள் வேண்டினாலும் கடவுளுக்குக் கேட்கும் என்பதை இந்த வயதில் ஓர் ஆய்வகத்தில் கற்றுக்கொண்டேன். துளைக்கிற அன்று நெட்டை தனியாக உள்ளே போனான். பொடி கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஸ்டூல் போட்டு ஏறி நின்றுகொண்டாள்.

"மெதுவாடா. எலும்பைச் சூடு பண்ணாத. என்னடா, மூக்கு அரிக்குதா?"

"நீங்க கேட்டதும்தான் அரிக்குது!"

"பொறுத்துக்கோ. என் குடும்பமே போதும், உன் குடும்பமும் உள்ள வர வேண்டாம்."

முடிவு வந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அந்தப் பெண்ணின் முன்னோர் மலைகளுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள். விதையோடும் பிள்ளைகுட்டிகளோடும் தலைமுறை தலைமுறையாக நகர்ந்து வந்திருக்கிறார்கள். இங்கிருந்த வேட்டைக்காரர்களின் ரத்தம் அவளிடம் கொஞ்சம்தான். பொடிக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பொடி அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். நான்தான் சம்பந்தம் முறிந்த வீட்டுக்காரி மாதிரி சோர்ந்து போனேன்.

கட்டுரையில் நெட்டையின் பெயர் முதலில் வந்தது. வருஷக் கடைசியில் பொடி வேறு ஊருக்கு, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கிளம்பினாள். "அங்க எல்லாரும் உயிரோட இருப்பாங்க, பேச்சுத்துணைக்காவது ஆகும்" என்றாள். உடை மாற்றும் அறை வாசலில் அவள் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். "உன் மேசையைக் கொஞ்ச நாள் துடைக்காம அப்படியே வச்சிருக்கேம்மா" என்றேன்.

"ஐயோ, அந்தப் பாசமெல்லாம் வேண்டாம்க்கா. நாளைக்கே நல்லா பிளீச் போட்டுத் துடைச்சிடுங்க. ஒரு துளிகூட நான் மிச்சம் இருக்கக் கூடாது" என்றாள்.