எட்டு உலைகளும் என் பொய்களும்

எங்கள் தொழிலில் நிஜத் தகவல் வந்து சேருவதற்குள் யாராவது ஒருவர் உட்கார்ந்து பொய்த் தகவல் தயாரிக்க வேண்டும். அந்தப் பொய் எவ்வளவு நிஜமாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல பெயர். இரண்டாயிரங்களின் நடுவில், கோயம்புத்தூரிலிருந்து புனே போய், சாங்வியில் அறை எடுத்துத் தங்கி, நான் பார்த்தது அந்த வேலைதான்.

கசார்வாடியில் கியர்களைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் பட்டறை ஒன்று. எட்டு மின் உலைகள். ஒவ்வொன்றும் நொடிக்கொரு முறை தன் சூட்டைச் சொல்லும். அதைச் சேர்த்து வைத்து மறுநாள் பார்க்காமல், வர வர அந்தந்த நொடியிலேயே பார்த்து, சூடு எல்லை மீறினால் மணியடிக்கும் புரோகிராமை என் கூட்டாளி ஸ்டெல்லா எழுதினாள். அதைச் சோதிக்க, எட்டு உலைகளாக நடிக்கும் புரோகிராமை நான் எழுதினேன். பட்டறை முதலாளிக்குப் பிடித்தால் எனக்கு வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஊருக்கு ரயில். இதே பிழைப்பில் தலையைப் பிய்த்துக்கொண்ட சகோதர சகோதரிகளே, கேளுங்கள்.

எட்டு நல்ல பிள்ளைகள்

முதலில் எழுதியதில் என் உலைகள் நொடி தவறாமல், வரிசை மாறாமல் சூட்டைச் சொல்லின. ஸ்டெல்லாவின் புரோகிராம் எல்லாவற்றிலும் தேறிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். ஸ்டெல்லா, மூன்று தலைமுறையாகக் கட்கியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அரே, இது ஃபேக்டரியா, ஸ்கூல் பிரேயரா? ஒண்ணுகூட லேட்டா வரல, ஒண்ணுகூட நடுவுல பந்த் ஆகல. இந்த மாதிரி எட்டு பசங்க இருந்தா டீச்சரே வேணாம்டி!”

ஓய்வு நாள்

அதன்பிறகு உலைகளுக்குக் கெட்ட பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தேன். ஒன்று சொன்னதையே இரண்டு தடவை சொல்லும். இன்னொன்று பாதியில் வாயை மூடிக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்து விட்டதையெல்லாம் மொத்தமாகக் கொட்டும். ஞாயிற்றுக்கிழமை எட்டும் ஓய்வெடுக்கும். ஒரு மாதத்துப் பொய்யை வரைபடமாக அச்செடுத்துக்கொண்டு, பட்டறை சூப்பர்வைசர் ஷிண்டேயிடம் பெருமையாக நீட்டினேன்.

அந்தத் தொழிற்பேட்டையில் என்றைக்கு மின்சாரத்தை நிறுத்துகிறார்களோ அன்றைக்குத்தான் வார விடுமுறை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஷிண்டே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார். “மேடம், ஞாயித்துக்கிழமை எங்க எட்டு உலையும் ஓடும். எங்களுக்கு லீவு வியாழக்கிழமை. அன்னிக்கு உங்க கம்ப்யூட்டர் மட்டும் வேலை செய்யுது, பாவம்.”

பத்து நிமிடம்

பொய்யை நிஜத்தோடு ஒப்பிட, பட்டறைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நாள் முழுக்க அசல் தகவலை நேரடியாக, வர வர வாங்கினோம். ஸ்டெல்லாவின் புரோகிராம் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. எல்லாமே இன்னும் நடக்காத நேரத்துத் தகவல் என்று தள்ளிவிட்டது. மூன்று நாள் வரி வரியாகத் துருவினோம். ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, ஒரு மத்தியானம் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

கடைசியில் நேரிலேயே போனோம். சுவர்க் கடிகாரம், கம்ப்யூட்டர், ஷிண்டேயின் கைக்கடிகாரம் எல்லாமே பத்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள் நேரத்துக்கு வரவேண்டுமென்று அவரே திருப்பி வைத்ததாம். கம்ப்யூட்டரை மட்டுமாவது சரிசெய்யுங்கள் என்று கெஞ்சினேன். “அதைப் பாத்து ஆளுங்க கண்டுபிடிச்சிடுவாங்க மேடம். உங்களுக்கு ஒரு புரோகிராம் திருந்தணும், எனக்கு நாப்பது பேர் திருந்தணும். எது சுலபம், நீங்களே சொல்லுங்க.”

நாலாம் உலை

புரோகிராம்தான் திருந்தியது. முதலாளி வந்து பார்க்கும் நாளும் வந்தது. காலையில் போனால், உலைகளிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வயரை எலி கடித்துக் குதறியிருந்தது. எங்கள் மேனேஜர் மனோஜுக்கு வியர்த்துவிட்டது. “உன் பொய்யை ஓட்டு, யாருக்குத் தெரியப்போகுது?” என்று கிசுகிசுத்தார். எனக்கும் ரயில் கண்முன் வந்து நின்றது. ஓட்டினேன்.

முதலாளி கைகட்டி நின்று திரையை ரசித்தார். மணி அடிக்கிறதா என்று சோதிக்க, இருபதாவது நிமிடத்தில் நாலாம் உலையின் சூடு எல்லை மீறும்படி நான் எழுதிவைத்திருந்தேன். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கை நீட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. “நாலு! நாலு!” என்று ஷிண்டே ஓடினார், பின்னால் பத்துப் பேர். உலையின் மீட்டரைப் பார்க்கக்கூட யாரும் நிற்கவில்லை. உள்ளே ஓர் ஆர்டர் முழுக்க கியர்கள். பாதியில் அணைத்தால் அத்தனையும் காயலான் கடைக்குத்தான். ஷிண்டேயின் கை சுவிட்சுக்குப் போனது. பேசாதே என்று மனோஜ் கண்ணைக் காட்டினார். “நிறுத்தாதீங்க, அது பொய்!” என்று கத்திவிட்டேன், பதற்றத்தில் தமிழில். யாருக்கும் புரியவில்லை. ஸ்டெல்லா அதையே மராத்தியில் அலறினாள். கை நின்றது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவமானத்தில் தலை நிமிரவில்லை. முதலாளி மனோஜை முறைத்தார், என்னைப் பார்த்தார், மூச்சு வாங்க நின்ற தன் ஆட்களை வெகுநேரம் பார்த்தார். “பத்து வருஷமா நான் கத்தினா ஒருத்தன்கூட வேகமா நடந்ததில்ல. உங்க பொய் மணிக்கு அத்தனை பேரும் ஓடுறாங்க. நாளைக்கே புது வயர் போடுங்க, நிஜ மணியைப் பாக்கணும்.”

அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது: பொய்யை நிஜம்போலச் செய்யத்தான் நமக்குச் சம்பளம், அது நிஜமாகவே எடுபட்டுவிட்டால் குறுக்கே விழுந்து தடுக்க வேண்டியவர்களும் நாமேதான்.