போட்டோவுக்கு ஒரு விவசாயி

கீழ்பென்னாத்தூர் பக்கம் நான் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போடும் நிலத்தின் சொந்தக்காரர், திருவண்ணாமலையில் லாட்ஜ் நடத்துகிறார். பட்டா அவர் பெயரில் இருப்பதால் அரசு தரும் விவசாய மானியமும் அவருக்குத்தான்.

போன மாதம் விவசாய ஆபீஸிலிருந்து ஒருவர், நிலத்தில் விவசாயியை நிற்க வைத்துப் போட்டோ எடுக்க வந்தார். லாட்ஜ்காரர் காரில் வந்து இறங்கினார். தோளில் மடிப்புக் கலையாத பச்சைத் துண்டு. நேராகப் போய்ப் பக்கத்து நெல் வயலில் நின்று சிரித்தார். அது வேறொருவருடைய வயல்.

“சார், அது உங்க நிலம் இல்லன்னு போன்ல காட்டுது” என்றார் ஆபீஸர்.

மனிதருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. “நம்ம நிலம் எதுப்பா?” என்று என்னைக் கேட்டார். லாட்ஜில் எந்த அறையில் வீணாக ஃபேன் ஓடுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிற ஆள்!

கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து வேர்க்கடலைக்குள் நிறுத்தினேன். ஷூ காலோடு செடிகள் மேலேயே ஏறி நின்றுகொண்டு, துண்டைச் சரிசெய்தார்.

ஆபீஸர் போனைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க. விவசாயி மட்டும்தான் போட்டோல இருக்கணும்.”