வாளியில் குறைந்த தண்ணீர்

அப்பா கட்டிய நீச்சல் குளம் ஒழுகாது என்பதில் எனக்கு இருந்த நம்பிக்கை அப்பாவுக்கு இல்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். முழுப் பரீட்சை விடுமுறை என்பதால் அவர் போகும் இடமெல்லாம் நானும் போவேன்.

குளம் இருந்தது செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த ஒரு சென்னை அம்மாவின் தோட்டத்தில்.

“தெனமும் தண்ணி எறங்குது. கட்டும்போதே எங்கயோ கோட்டை விட்டுட்டீங்க” என்றார் அவர்.

“வெயிலும் ஜாஸ்திங்க மேடம். பேசிக்கினு இருந்தா தெரியாது. டெஸ்ட் வெச்சிப் பாத்துடலாம். லீக்குன்னா நானே சரி பண்ணித் தர்றேன்.”

சோதனை எளியது. குளத்தின் மேல்படியில் தண்ணீர் நிரப்பிய வாளியை வைத்து, வாளிக்குள் நீர்மட்டத்தில் ஒரு கோடு, குளத்தின் மட்டத்தில் ஒரு கோடு. மோட்டார் ஓடக்கூடாது, யாரும் குளத்தில் இறங்கக்கூடாது. மறுநாள் இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் வெயில். குளத்தில் மட்டும் அதிகம் குறைந்திருந்தால் கசிவு. அப்பா இதை எனக்குப் பொறுமையாக விளக்கினார். அதுதான் வினையாயிற்று.

மறுநாள் காலை அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் குனிந்து பார்த்தேன். வாளியில் அரை விரல்கடை குறைந்திருந்தது. குளத்தில் இரண்டு. அந்த அம்மா அப்பாவைத் திட்டப்போகிறார் என்று தோன்றியது. இரண்டும் சமமாகும்வரை வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி வெளியே விட்டேன்.

அப்பா வந்து இரண்டு முறை பார்த்தார். “வெயில்தாங்க மேடம். லீக் இல்ல.”

அந்த அம்மா மகிழ்ந்து எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். முழுவதையும் தின்றேன்.

இரண்டு மாதத்தில் குளத்தோரத் தரை உள்வாங்கி, படிகள் பிளந்தன. வேறொருவரை வரவழைத்தார்கள். நீருக்குள் விளக்கு பதித்த இடத்தருகே அவர் சாயத்தைச் சொட்டினார். ஒரு மயிரிழை விரிசல் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. முன்பே தெரிந்திருந்தால் அரை நாளில் அடைத்திருக்கலாம்.

“தெரிஞ்சேதானே பொய் சொன்னீங்க?”

“இல்லீங்க மேடம். ரெண்டு தடவ பாத்தேன். எப்படித் தப்பாச்சின்னே தெரியலீங்க.”

நான் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இன்று பொறியாளராகி, கசிவு அறிக்கைகளில் கையெழுத்திடும் நான், என் தவறுகளை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை அள்ளியது ஒன்று. பிஸ்கட்டைத் தின்றது இன்னொன்று. இரண்டையும் குழந்தைத்தனம் என்று தள்ளிவிடலாம். அந்த இடத்தில் வாய் திறக்காமல் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றதை எதில் சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை.

அப்பா கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு எந்த வேலையில் அளவெடுத்தாலும் டேப்பை என் பக்கம் நீட்டுவார். “நீ பாத்து சொல்லும்மா. நான் பாத்தா தப்பாயிடுது.”

நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார். பெரியவர்களின் வேலையை அப்பா என்னை நம்பி ஒப்படைக்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.