பாண் வாங்க நடந்து போனவர்

வீடு காட்டப் போன இடத்தில், வாங்க வந்தவரையே தொலைத்த றியல் எஸ்டேட் ஏஜென்ற் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதைச் சொல்கிறேன்.

பரிசிலிருந்து ரொறன்ரோவுக்கு மாறிவர யோசித்த தம்பதி. கணவர் சிவநேசனுக்குப் பெரிய வீடு வேண்டும். மனைவி வதனி இன்னும் சம்மதிக்கவில்லை. ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் வீடு பார்க்கப் போகும் வழியெல்லாம் வதனி பரிஸ் கதைதான் சொன்னார். படியால் இறங்கினால் சுடச்சுடப் பாண் போடும் பேக்கரி, ஓகஸ்ட் முழுக்க லீவு, பிள்ளைகள் தனியே மெற்றோவில் பள்ளிக்கூடம் போவது. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. இங்கே என் மனைவி இரண்டு கிழமை லீவுக்கே மனேஜரிடம் கெஞ்சவேண்டும்.

நானும் சிவநேசனும் அந்த வீட்டின் பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைப் பார்த்துக்கொண்டு நிற்க, மேலேயிருந்து வதனி குரல் கொடுத்தார்.

"கடைப்பக்கம் நடந்துபோய் ஒரு பாண் வாங்கிக்கொண்டு வாறன்."

"ஓம், ஓம்" என்றேன். நடக்கிற தூரத்தில் அங்கே கடையே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வெளியே ஓடிவந்தால் ஸ்நோ கொட்டுகிறது. அவர் மெல்லிய கோட்டோடு போயிருந்தார். அவருடைய போன் என் காரில் கிடந்தது.

காரில் சுற்றினோம். எல்லாத் தெருவும் ஒரே தெரு மாதிரி. பட்டப்பகலில் ஒரு மனித முகமும் இல்லை. இறங்கி ஒரு வீட்டின் பெல்லை அடித்தேன். கதவு திறக்கவில்லை. வீட்டுக்காரரின் போனோடு தொடுத்த கமரா பெல்லிலிருந்து "நோ தாங்ஸ்" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. அடுத்த வீட்டிலும் அதே கதை. மூன்றாவது வீடு தமிழில் பேசியது.

"ஆர் வேணும் அண்ணை? நான் வேலையில நிக்கிறன்."

"இவற்ற மனிசி இந்தப் பக்கம் நடந்து வந்தவாவோ?"

"ஓம், பெல் அடிச்சவா. கமராவில பாத்தனான். இடப்பக்கம் திரும்பிப் போனவா."

பிறகு கதவு கதவாக விசாரித்துக்கொண்டு போனோம். ஆளில்லாத வீடுகள் எங்களுக்கு வழி சொல்லின. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. சிவநேசன் அழத் தொடங்கிவிட்டார்.

வதனி ஒரு வாசற்படியில் கை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "ஆர் யூ ஓகே? ஆர் யூ ஓகே?" என்று கதவிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டபடியே இருந்தது. திறந்துவிட உள்ளே ஒருவரும் இல்லை.

காரில் ஹீற்றரைக் கூட்டிவைத்தேன். வதனி கணவர் பக்கம் திரும்பினார்.

"நான் விழுந்து கிடந்திருந்தாலும் எல்லாரும் பாத்துக்கொண்டுதான் இருந்திருப்பினம். எனக்கு இஞ்ச வேண்டாம்."

அன்றிலிருந்து, வீட்டைத் திறக்குமுன் வாங்க வருகிறவர்களைத் தெருவில் நடக்கவைக்கிறேன். சிலர் வாங்காமலே போகிறார்கள். போகட்டும். நீங்களும் முதலில் தெருவைக் காட்டுங்கள்.

அன்று அவர்களை இறக்கிவிடும்போது வதனி கேட்டார்:

"அண்ணை, நீங்கள் எங்க இருக்கிறியள்?"

"நீங்கள் இருந்த வாசலுக்கு அடுத்த தெருவிலதான்."

"ஐயோ அண்ணை" என்றார்.